கோமதிக்காக எழுதிய கணக்குப் பரீட்சை

அந்த அறையில் ஏதோ அமிலத்தின் வாடை இருந்தது. சுவரோர அலமாரியில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வெளியே ஐப்பசி மழை பெய்வதும் நிற்பதுமாக இருந்தது. மழை விடும்போதெல்லாம் ஒரு வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து குடுவைகளுக்குள் புகுந்து, எங்கள் மேசை மேல் தண்ணீர் போல அசைந்தது.

பல்லடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகம் அது. உள்ளே மூன்றே பேர். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை எழுத வந்த கோமதி, அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்காக உட்கார்ந்திருந்த நான், எங்களைக் கண்காணிக்க வந்த டீச்சர்.

கோமதிக்குக் கண் தெரியாது. கேள்வியை நான் வாசிப்பேன். அவள் யோசித்து விடை சொல்வாள். நான் எழுதுவேன்.

"வாசிக்கலாம், எழுதலாம். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசப்படாது" என்று டீச்சர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

கோமதி ஒரு கணக்கை முடித்து, "அடுத்ததை வாசிங்க நங்கை" என்றாள். நான் கேள்வித்தாளைத் திருப்பப் போனேன். அந்த நேரம் பார்த்து மழை விட்டது. வெளிச்சம் வந்து சரியாக முந்தைய கேள்வியின் மேல் விழுந்தது. 2 என்று நான் வாசித்திருந்த எண்ணுக்கு முன்னால், மயிரிழை போல ஒரு சிறு கோடு தெரிந்தது.

அது மைனஸ் 2.

கேள்வியையே நான் தப்பாக வாசித்திருக்கிறேன். அவள் சொன்ன விடை, நான் வாசித்த கேள்விக்குச் சரி. தாளில் இருக்கும் கேள்விக்குத் தப்பு.

உடனே சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். நான் சொல்லவில்லை. பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என்னைவிட மூத்த நாத்தனார்

துடியலூரில் பிறந்த நான் பல்லடம் பக்கம் வாழ்க்கைப்பட்ட கதையை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். அதில் ஒரே ஒரு வரியில் வந்துபோன கோமதியைப் பற்றி நாலைந்து பேர் கடிதம் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவளைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்தியதற்குக் காரணம் மறதி இல்லை. எழுதத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். போன் போட்டு அவளிடமே அனுமதி கேட்டேன். "எல்லாத்தையும் எழுதுங்க. என்ற பக்கத்தையும் சேத்து எழுதுங்க" என்றாள். எங்கள் கொங்குப் பேச்சில் 'என்ற' என்றால் 'என்னுடைய'.

கோமதி என் கணவரின் தங்கை. ஆனால் என்னைவிட மூன்று வயது மூத்தவள். எங்கள் பக்கம் அண்ணன் பெண்டாட்டியை 'நங்கை' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அந்த வீட்டுக்குப் போன முதல் நாளே அவள் என்னை நங்கை என்றாள். "நீங்க பெரியவங்க, பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்றேன். "பேர் சொன்னா எங்கம்மா திட்டுமுங்க" என்று சிரித்தாள். இன்றுவரை இருவரும் 'ங்க' போட்டுத்தான் பேசிக்கொள்கிறோம்.

பதினைந்து வயதில், பத்தாவது படித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு காய்ச்சலில் அவளுக்குப் பார்வை போனது. ஒரே நாளில் போகவில்லையாம். முதலில் கரும்பலகை, பிறகு புத்தகம், பிறகு சோற்றுத் தட்டு என்று ஒவ்வொன்றாக மங்கியதாம். கோயமுத்தூரில் எத்தனையோ ஆஸ்பத்திரி பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

வீட்டை ஒட்டியே தறிக்கூடம். எட்டுத் தறிகள். காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை அந்தச் சத்தம்தான். மாமியாருக்கு அந்தச் சத்தத்திலேயே காது பாதி போய்விட்டது. என் கணவர் பகலெல்லாம் தறிக்கூடத்தில்தான் இருப்பார். சாப்பிட வரும்போது தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். சத்தத்துக்குள்ளேயே இருந்து பழகியவர், வெளியே வந்தாலும் அதிகம் பேச மாட்டார்.

பேச எனக்குக் கோமதி இருந்தாள். மத்தியானம் சமையல் வேலை முடிந்ததும் பின்கட்டு அறைக்குப் போய் இருவரும் கதவைச் சாத்திக்கொள்வோம். ஓட்டுச் சந்து வழியாக வெயில் சாய்வாக இறங்கும். அதில் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டே இருக்கும். கதவைச் சாத்திவிட்டால் தறிச் சத்தம் எங்கோ தூரத்தில் ரயில் போகிற மாதிரி கேட்கும். அந்த ரயிலில் நாங்கள் இரண்டு பேரும் எங்கோ போய்க்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும்.

"இன்னைக்கு வானம் என்ன கலருங்க?" என்பாள்.

"நீலந்தானுங்க."

"நீலம்னா எந்த நீலம்? என்ற பள்ளிக்கூடத்துப் பாவாடை நீலமா, இங்க் நீலமா?"

நான் வெளியே போய் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்து சொல்வேன். அவளுக்குச் சொல்வதற்காகப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கே பல நிறங்கள் கண்ணில் பட்டன.

ஒன்பதாவது படித்ததால் கிடைத்த வேலை

கோமதிக்கு ஒரு ஆசை இருந்தது. கோயமுத்தூரில் பார்வையற்ற பெண்களுக்கு டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று ரேடியோவில் கேட்டிருந்தாள். பத்தாவது தேறியிருக்க வேண்டும். இருபத்தைந்து வயதுக்குள் சேர வேண்டும்.

தனியாக விண்ணப்பம் போட்டு, யாரையாவது வைத்து எழுதி, நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே நான்கு பாடங்களை முடித்திருந்தாள். கணக்கு மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. அந்த மார்கழியோடு அவளுக்கு இருபத்தைந்து முடிகிறது. ஐப்பசியில் நடக்கும் பரீட்சைதான் கடைசி வாய்ப்பு.

கண் தெரியாதவர்களுக்குக் கணக்கில் ஏதோ சலுகை இருந்ததாகப் பின்னாளில் கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அவள் வாங்கியிருக்க மாட்டாள்.

முன்பு எழுதிய பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். வேறு ஆள் தேட வேண்டும். எழுதுகிறவர் பத்தாவது தேறாதவராக இருக்க வேண்டும் என்பது விதி.

"நங்கை, நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கறீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. யாராவது இதைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவது என் வழக்கம். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும், வீட்டில் சமைக்க ஆளில்லை என்று ஒன்பதாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் என் வகுப்புப் பெண்கள் சைக்கிளில் போவதைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். அவர்களுக்குப் பின்னால் மலை இருக்கும். மழை பெய்த மறுநாள் அந்த மலை அவ்வளவு கிட்டத்தில் தெரியும், நடந்தே போய்விடலாம் போல. வெயில் ஏற ஏறப் பின்வாங்கிப் போய்விடும்.

"ஒம்பதாவதுதானுங்க" என்றேன் மெதுவாக.

கோமதி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "அப்பாடா! பத்தாவது பாஸ் பண்ணியிருந்தீங்கன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

நான் ஒன்பதாவதோடு நின்றதற்காக ஒருவர் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஆணிப் பலகை

அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. நான் பத்தாவது புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததே அப்போதுதான். நான் வாசிப்பேன், அவள் கேட்பாள். இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் புரியும், அல்லது ஒன்றாகப் புரியாமல் போகும்.

இயற்கணிதம் அவளுக்கு மனப்பாடமாகவே வந்தது. வடிவியலில்தான் சிக்கிக்கொண்டாள். அதிலும் ஒரு பாடம். ஒரு நேர்க்கோட்டின் சாய்வு. கோட்டின் மேல் இரண்டு புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண்கள். முதல் எண், வலமோ இடமோ எவ்வளவு தள்ளி என்பது. இரண்டாவது, மேலோ கீழோ எவ்வளவு என்பது. சாய்வைக் கொடுத்துவிட்டு, அந்த நான்கு எண்களில் ஒன்றை மட்டும் எக்ஸ் என்று மறைத்துவிடுவார்கள். கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு வாரம் வீணானதற்கு நான்தான் காரணம். எழுத்தின் காலடியில் பொடியாகப் போட்டிருந்த 2-ஐப் பெருக்கல் என்று நினைத்து, 'ஒய் பெருக்கல் ரெண்டு' என்று வாசித்துக்கொண்டிருந்தேன். எந்தக் கணக்குக்கும் புத்தகத்தில் இருந்த விடை வரவில்லை. கோமதி ஒருநாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பெருக்கலா இருக்காதுங்க நங்கை. ரெண்டாவது ஆளோட ஒய்யின்னு அர்த்தமா இருக்கும். ரெண்டு கோமதி இருந்தா, மொதல் கோமதி, ரெண்டாங் கோமதின்னு சொல்ல மாட்டாங்களா?"

அது புரிந்த பிறகும் அவளுக்குத் திருப்தி இல்லை. "சூத்திரம் வருதுங்க. கோடுதான் தெரியலை" என்றாள். அந்தப் பாடத்துக்கு வருவதற்கு முன்பே அவள் கண் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் வரைபடத்தாள் பார்த்திருக்கிறாள். அதில் சாய்ந்து போகும் கோட்டைப் பார்த்ததில்லை.

என் கணவரிடம் சொன்னேன். மறுநாள் சாப்பிட வரும்போது கக்கத்தில் ஒரு பலகை இருந்தது. விரல் அகலத்துக்கு ஓர் ஆணியாக வரிசை வரிசையாக அடித்திருந்தார். நடுவில் நெட்டாக ஒரு வரிசை, குறுக்காக ஒரு வரிசை மட்டும் தலை பெரிய ஆணிகள். "கை கிழிச்சுப்போடும், பார்த்துத் தொடு அம்மணி" என்று தங்கையிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

தறி நூலை இரண்டு ஆணிகளுக்கு இடையே இழுத்துக் கட்டினேன். கோமதி ஆள்காட்டி விரலை நூல் மேல் வைத்து ஓட்டினாள். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. ஒரு ஆணி, அங்கிருந்து வலப்பக்கம் இரண்டு தள்ளி, மேலே ஒன்று. மறுபடி வலது இரண்டு, மேலே ஒன்று. மறுபடியும். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"எங்க நின்னு எண்ணுனாலும் ஒரே ஏத்தமுங்க" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "அடியில எண்ணுனாலும் அதுதான், உச்சியில எண்ணுனாலும் அதுதான். அதனாலதான் அதுக்கு நேர்க்கோடுன்னு பேரா?"

நானும் கண்ணை மூடிக்கொண்டு நூலைத் தொட்டுப் பார்த்தேன். கண்ணைத் திறந்து பார்த்தபோது தெரியாத ஏதோ ஒன்று, மூடியதும் விரலில் தெரிந்தது.

பலகைக்கு வெளியே

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும். நான் துணி மடித்துக்கொண்டே கேள்வி வாசிப்பேன். அவள் பலகை மேல் விரலை நடத்துவாள்.

ஒரு நாள் வந்த கணக்கில் புள்ளி வெகுதூரம் போய்விட்டது. பலகையில் அவ்வளவு ஆணி இல்லை. அவள் விரல் கடைசி ஆணியைத் தாண்டி, பலகையின் விளிம்பைத் தாண்டி, காற்றில் போனது. அப்படியே கை நீட்டியபடி சித்த நேரம் இருந்தாள்.

"பலகைதானுங்க முடிஞ்சுபோச்சு. கோடு போயிட்டேதான் இருக்குது" என்றாள். பிறகு காற்றிலேயே எண்ணி விடை சொன்னாள். புத்தகத்தில் பார்த்தேன். சரியாக இருந்தது.

இருவரும் சிரித்தோம். ஆனால் அன்று சாயங்காலம் துவைத்த துணியை எடுக்கப் போனபோது எனக்கு ஒன்று உறைத்தது. இவள் நிச்சயம் தேறிவிடுவாள். தேறினால் கோயமுத்தூர் போய்விடுவாள். பயிற்சி முடிந்து அங்கேயே வேலை கிடைக்கும். இந்த வீட்டில் நானும், தறிச் சத்தமும், காது கேட்காத மாமியாரும், பேசாத கணவரும் மட்டும் இருப்போம். வானம் என்ன நிறம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அதை யாரிடமும் சொல்லவில்லை. கோமதியிடம் எப்படிச் சொல்வது? அவளுடைய ஒன்பது வருஷக் காத்திருப்பு அது. நான் அந்த வீட்டுக்கு வந்து முழுசாக ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

அந்தச் சில நிமிடங்கள்

இப்போது மறுபடி அந்த ஆய்வக அறைக்கு வருகிறேன்.

ஐந்து மதிப்பெண் கேள்வி. இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சாய்வு மைனஸ் மூன்றின் கீழ் நான்கு. முதல் புள்ளி மைனஸ் இரண்டு, ஐந்து. இரண்டாவது புள்ளி எக்ஸ், மைனஸ் ஒன்று. எக்ஸின் மதிப்பு காண்க.

நான் முதல் புள்ளியை 'இரண்டு, ஐந்து' என்று வாசித்துவிட்டேன். கோமதி விரல்களை மேசைக்கு மேல் காற்றில் அசைத்துப் பார்த்தாள். நாலு தப்படி வலது போனால் மூன்று இறக்கம். ஐந்திலிருந்து மைனஸ் ஒன்றுக்கு ஆறு இறக்கம். அப்படியானால் எட்டு வலது. இரண்டிலிருந்து எட்டு. பத்து. பிறகு சூத்திரத்தோடு வரி வரியாகச் சொன்னாள். நான் எழுதினேன். விடை பத்து என்று அடிக்கோடும் போட்டேன்.

அப்புறம்தான் வெளிச்சம் வந்தது. மைனஸைப் பார்த்தேன்.

"நங்கை, அடுத்தது?" என்றாள்.

அடுத்த கேள்வியை வாசித்தேன். அவள் சொன்னாள், எழுதினேன். அதற்கடுத்ததையும் வாசித்தேன். இடையில் பெரிய மழை ஒன்று வந்து ஜன்னல் கம்பியெல்லாம் நனைந்து சொட்டியது.

சொன்னால் டீச்சர் என்ன நினைப்பாரோ என்ற பயம் இருந்தது. உள்ளே வரும்போதே "நீங்க ரெண்டு பேரும் என்ன ஒறவு?" என்று கேட்டு, தெரிந்துகொண்ட பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்திருந்தார். ஆனால் அந்தப் பயம் மட்டும்தான் என் வாயைக் கட்டியது என்று சொன்னால் பொய். போன இரண்டு தடவையும் இரண்டு மூன்று மதிப்பெண்ணில்தான் அவளுக்குப் போயிருந்தது. ஐந்து மதிப்பெண் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நான் எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். அவள் என்னோடேயே இருப்பாள். தப்பு யாருடையது என்று எந்தக் காலத்திலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

மூன்றாவது கேள்வியை வாசிக்க வாயைத் திறந்தேன். கோமதி தலையைச் சற்றே என் பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, காதைக் கொடுத்துக் காத்திருந்தாள். நான் எதை வாசித்தாலும் அதுதான் அவளுக்குக் கேள்வி. நான் வாசிக்காதது அந்தத் தாளிலேயே கிடையாது.

"டீச்சர்" என்றேன். சத்தமே வரவில்லை. மறுபடி சொன்னேன். "டீச்சர், நான் ஒரு கேள்வியைத் தப்பா வாசிச்சுப்போட்டேனுங்க."

டீச்சர் எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். "விடை தப்புன்னு சொல்லிக் குடுக்கறயா?"

"இல்லீங்க. விடையைப் பத்தி நான் எதுவும் சொல்லலீங்க. கேள்விதான். என்ற கண்ணு தப்பு."

"எந்தக் கேள்வி?"

விரல் வைத்துக் காட்டினேன். எதைத் தப்பாக வாசித்தேன் என்று சொல்லவில்லை. சொன்னால் விதியை மீறியதாகிவிடும் என்று பயம்.

"எழுத வந்தவ பேசுனான்னு நான் மேல எழுதிக் குடுத்தா, இந்தப் பொண்ணோட பேப்பரே போயிரும். தெரியுமா உனக்கு?"

மேசை விளிம்பைப் பிடித்திருந்த கோமதியின் விரல் நகங்கள் வெளுத்திருந்தன.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, யாரையும் பார்க்காமல், வகுப்பில் கேள்வி கேட்கும் குரலில், அந்தக் கேள்வியை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். மைனஸ் இரண்டு என்ற இடத்தில் ஒரு மூச்சு கூடுதலாக நின்றாரா, அல்லது எனக்கு அப்படிக் கேட்டதா, இன்றும் தெரியவில்லை.

தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

கோமதியின் விரல்கள் காற்றில் எழுந்தன. இடப்பக்கம் போய், அங்கிருந்து வலப்பக்கம் எட்டு நகர்ந்தன.

"பழசை அடிச்சுப்போடுங்க நங்கை" என்றாள். "புதுசா எழுதிக்குங்க. விடை ஆறு."

தபால்காரர் கொண்டுவந்த தாள்

மழையெல்லாம் ஓய்ந்து, கார்த்திகையும் முடிந்து, விடிகாலையில் பனி இறங்கத் தொடங்கிய பிறகுதான் மதிப்பெண் தாள் வந்தது. தபால்காரர் தறிக்கூடத்து வாசலில் நின்று எவ்வளவு கத்தியும் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் உள்ளே வந்து என் கணவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

என் கணவர் எட்டுத் தறிகளையும் நிறுத்தினார். வேலை நாளில் அப்படி நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. திடீரென்று வந்த அந்த அமைதியில் என் காதுக்குள் ரீங்காரம் கேட்டது. மாமியார் பதறிப்போய், "என்ன ஆச்சு சாமி? கரண்டு போயிருச்சா?" என்று வெளியே வந்தார்.

"அம்மணி பாஸ் பண்ணீட்டாம்மா" என்றார் அவர்.

கணக்கில் நாற்பத்தொன்று. முப்பத்தைந்து எடுத்தால் போதும். அந்த ஐந்தைக் கழித்தாலும் அவள் தேறியிருப்பாள். மனசுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் எடுப்பது போலப் பின்கட்டுக்குப் போய் அழுதேன். நான் சொல்லாமல் இருந்திருந்தாலும் அவள் போயிருப்பாள். தன்னிடம் நான் என்ன மறைத்தேன் என்பது தெரியாமல், என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பாள்.

மாமியார் கோமதியின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "எங்கண்ணு, கோயமுத்தூர்ல தனியா எப்புடி இருப்பே?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் என்ன பதில் சொன்னாலும் அவருக்குக் கேட்கவில்லை.

சிமெண்ட் பெஞ்சு

கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு விடுதியில் அவளுக்கு இடம் கிடைத்தது. பயிற்சி நிலையம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். அவளுக்கு இருபத்தைந்து முடிய ஒரு வாரம் இருக்கும்போது நாங்கள் கொண்டுபோய்ச் சேர்த்தோம். தெருவெல்லாம் ஆட்டோவும் ஸ்கூட்டருமாக இருந்தது. ஒரு பட்டுக்கடை வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். கோமதி அந்த வாசனைக்குச் சட்டென்று நின்று, பிறகு நடந்தாள்.

பெட்டியை வைத்துவிட்டு, வாளியும் பாயும் வாங்கி வருகிறேன் என்று என் கணவர் கடைக்குப் போனார். விடுதித் தோட்டத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. இருவரும் உட்கார்ந்தோம். வெயில் இதமாக இருந்தது. மேலே இருந்த மரத்திலிருந்து மஞ்சள் பூ ஒவ்வொன்றாக உதிர்ந்து எங்கள் மடியில் விழுந்தது.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"கோமதி, அன்னைக்கு அந்த மைனஸைப் பார்த்ததும் நான் உடனே சொல்லலீங்க."

அவள் மடியில் விழுந்த பூ ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"ரெண்டு கேள்வி எழுதி முடிக்கற வரைக்கும் வாயை மூடீட்டு இருந்தேன். டீச்சருக்குப் பயந்துக்கிட்டு மட்டும் இல்லீங்க. நீங்க போகாம இருந்தா நல்லாருக்கும்னு நெனச்சேன்."

கோமதி அந்தப் பூவை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளே யாரோ பாத்திரம் அடுக்கும் சத்தம் கேட்டது.

"தெரியுமுங்க நங்கை" என்றாள்.

"எப்புடி?"

"உங்க பேனாச் சத்தம் மாறிப்போச்சு. அது வரைக்கும் சரசரன்னு எழுதுனவங்க, அப்புறம் ஒவ்வொரு எழுத்தா எழுதுனீங்க. மூச்சும் சரியா விடலை. எதையோ பார்த்துப்போட்டாங்கன்னு தெரிஞ்சுது. என்னன்னுதான் தெரியலை."

"அப்புறம் ஏனுங்க கேக்கலை? அந்தக் கேள்வியை மறுபடி வாசிக்கச் சொல்லியிருக்கலாமே? நீங்க கேட்டா நான் வாசிக்கலாமே?"

அவள் முகம் என் பக்கம் திரும்பியது. கண்கள் என் தோளுக்கு அப்பால் எங்கோ பார்த்தன.

"கேட்டா நீங்க சொல்லீருவீங்க. சொன்னா நான் பாஸ் பண்ணீருவேன். பாஸ் பண்ணுனா இங்க வரோணும். ஒம்பது வருஷமா அந்த வீட்டுக்குள்ள எத்தனை எட்டு வெச்சா எங்க செவுரு வருமுன்னு தெரியுமுங்க எனக்கு. இந்த ஊர்ல ஒண்ணும் தெரியாது. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. நீங்க சொல்லாமயே இருந்துட்டா நல்லாருக்கும்னு நானும் சித்த நேரம் நெனச்சுட்டுத்தான் இருந்தேன்."

அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். என்னைவிட மூத்தவள்தானே.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்து சாப்பாட்டு மணி அடிக்கப்போவதாகச் சொல்லிக் கோமதியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கோமதி எழுந்து மடியை உதறினாள். "வாரேனுங்க நங்கை" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணோடு தாழ்வாரத்தில் நடந்து போனாள். முதல் நாலைந்து எட்டு தயங்கினாள். பிறகு தயங்கவில்லை.

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேட்டராகச் சேர்ந்து, இரண்டு வருஷம் முன்புதான் ஓய்வு பெற்றாள். அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவள் குரல் தெரியும்.

அன்று பல்லடம் திரும்பும் பஸ்ஸில் என் கணவர் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்தார். சிங்காநல்லூர் தாண்டியதும், "என்ன, மூஞ்சியெல்லாம் ஒரு மாதிரி இருக்குது?" என்றார்.

"ஏனுங்க, நானும் பத்தாவது எழுதலாம்னு இருக்கறேனுங்க" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். தறியில் அறுந்த இழையைத் தேடும்போது அப்படித்தான் பார்ப்பார்.

"உனக்கு யாரு வாசிச்சுக் காட்டுறது?" என்று கேட்டார். கேலியா, நிஜமாகவே கேட்கிறாரா என்று தெரியவில்லை.

"நானே வாசிச்சுக்குவேனுங்க" என்றேன்.